குறை காணும் உத்தியோகம்

தேனி ஜில்லாவின் இஞ்சினீயரிங் கல்லூரிகளிலிருந்து வருஷந்தோறும் பட்டம் பெற்று வெளியேறும் வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் சென்னையிலும் பெங்களூரிலும் திறந்திருக்கும் உத்தியோக வாசல்களில் ஒன்று மென்பொருள் பரீட்சை. கம்பெனிகளில் இதை டெஸ்டிங் என்கிறார்கள். சற்றே கௌரவம் சேர்த்துக் குவாலிட்டி இஞ்சினீயரிங் என்றும் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் புரோகிராமை ஒருவர் எழுதுகிறார். அது சொன்னபடி வேலை செய்கிறதா, செய்யக்கூடாததைச் செய்யாமலிருக்கிறதா என்று மற்றொருவர் பார்த்துச் சொல்கிறார். இந்த இரண்டாமவரே டெஸ்டர். நம் பக்கத்தில் இவ்வுத்தியோகத்திற்கு இருக்கும் மதிப்பு மிகவும் குறைவு. புரோகிராம் எழுதும் வேலை கிடைக்காதவனுக்குக் கொடுக்கப்படும் ஆறுதல் பரிசு இது என்ற எண்ணம் கல்லூரியிலேயே விதைக்கப்பட்டு விடுகிறது. உறவினர் விசாரித்தால், "ஐ.டி.யில் இருக்கிறான்" என்பதோடு பெற்றோர் பேச்சை நிறுத்திக் கொள்ளுகிறார்கள். வேலையில் அமர்ந்த வாலிபனும், எப்போது இதிலிருந்து தப்பிப் புரோகிராமர்களின் கோஷ்டியில் சேரலாம் என்ற நினைப்பிலேயே முதல் இரண்டு மூன்று வருஷங்களைக் கழித்து விடுகிறான்.

இந்த அபிப்பிராயம் பிழையானது. பிழையாக மட்டும் இருந்தால் பொறுத்துக் கொள்ளலாம். அதனால் நஷ்டமும் விளைகிறது. நஷ்டம் அந்த வாலிபனோடு நிற்பதில்லை. அவன் "சரி" என்று குறித்து அனுப்பிய மென்பொருளை நம்பிப் பணம் போடுகிறவர்கள், பட்டா கேட்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் எல்லோரையும் அது சேருகிறது.

பரீட்சிப்பவரின் ஸ்தானம் என்ன என்பதை அறிய நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தேனி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனால் போதும். 1928-ல் திறக்கப்பட்ட மதுரை-போடிநாயக்கனூர் பாதை, மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக 2010-ம் வருஷ முடிவில் மூடப்பட்டது. மறுபடி தேனிக்கு வண்டி வந்தது 2022 மே 26-ந் தேதி. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ந் தேதி. இத்தனை வருஷம் பஸ்ஸில் இடிபட்ட ஜனங்களுக்கு, தண்டவாளம் போட்டு முடிந்த மறுநாளே வண்டியை விட்டால் என்ன என்று தோன்றியிருந்தால் அது இயற்கையே. ஆயினும், ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் பாதையை நேரில் பார்வையிட்டு, பாலங்களையும் வளைவுகளையும் சோதித்து, வேக ஓட்டம் நடத்திப் பார்த்து, அனுமதி அளித்த பின்னரே பிரயாணிகளை ஏற்ற முடிந்தது.

இந்தக் கமிஷனர் யாருடைய உத்தியோகஸ்தர்? ரயில்வே மந்திரியின் கீழ் இருப்பவரல்லர். பிரிட்டிஷ் சர்க்கார் காலத்திலேயே, 1941-ல், ரயில்வே இன்ஸ்பெக்டர்களை ரயில்வே போர்டின் ஆதிக்கத்திலிருந்து பிரித்து விட்டார்கள். இன்று அந்த ஸ்தாபனம் விமானப் போக்குவரத்து இலாகாவைச் சேர்ந்தது. தண்டவாளத்திற்கும் விமானத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கத் தோன்றும். சம்பந்தமில்லாமல் இருப்பதற்காகத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். குறித்த தேதிக்குள் பாதையைத் திறந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் இருப்பவர், அதே பாதை ஓடத்தக்கதா என்று தீர்ப்புச் சொல்லும் ஸ்தானத்திலும் இருக்கலாகாது. அவர் யோக்கியராக இருந்தாலும், தேதி அவருடைய கண்ணை மறைத்து விடும்.

மென்பொருள் கம்பெனிகள் பலவற்றில் இந்தச் சிறிய உண்மை உணரப்படவில்லை. சரக்கை இன்ன தேதியில் ஒப்படைப்பதாக வாக்களித்த மானேஜரின் கீழேயே டெஸ்டரும் இருக்கிறார். அவருடைய சம்பள உயர்வும் அந்த மானேஜரின் கையில். இந்நிலையில், "இது இன்னும் தயாராகவில்லை" என்று எழுதுவதற்கு அசாதாரணமான நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது. தொழிலில் முன்னேற விரும்பும் வாலிபன், ஒரு கம்பெனியில் சேருமுன் சம்பளத்தை விசாரிப்பது போலவே, டெஸ்டரின் அறிக்கை யாரிடம் போகிறது என்பதையும் விசாரித்துக் கொள்வது நல்லது.

இனி, பரீட்சிக்கும் வித்தைக்கு வருவோம். இதற்கும் நம் ஜில்லாவிலேயே சிறந்த பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் பெண்களைத்தான் குறிப்பிடுகிறோம். மலையிலிருந்து உலர்த்தி வரும் காயை முதலில் சல்லடையில் சலிக்கிறார்கள். அக்மார்க் விதிப்படி, "ஆலப்புழைப் பச்சை எக்ஸ்ட்ரா போல்டு" என்னும் உயர்ந்த ரகத்துக்குக் காயின் குறுக்களவு 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் நிரப்பி நிறுத்தால் 435 கிராமுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அடுத்த ரகத்திற்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம்; அதற்கடுத்ததற்கு 5 மில்லிமீட்டர், 385 கிராம். அளவைச் சல்லடை சொல்லிவிடும். எடையைத் தராசு சொல்லிவிடும். ஆனால் வெடித்த காய், பூச்சி துளைத்த காய், வெளுத்த காய், மேலே பச்சையாக இருந்து உள்ளே விதை முற்றாத காய் ஆகியவை சல்லடையில் நன்றாகவே நின்று விடுகின்றன. அவற்றைப் பொறுக்கி எறிவது கண்ணும் விரலும். நிறம் பார்த்துப் பிரிக்கும் யந்திரங்களும் இப்போது வந்துவிட்டன. வந்தாலும், எந்த நிறத்தைத் தள்ள வேண்டும் என்று யந்திரத்திற்குச் சொல்லிக் கொடுக்க ஏலக்காய் தெரிந்த ஆள் வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. கண்ணுக்கும் சல்லடைக்கும் தராசுக்கும் தப்பிய பூச்சிமருந்து எச்சம் காரணமாகச் சவூதி அரேபியா போன்ற நாடுகள் நம் ஏலக்காயை மறுத்த காலமும் வந்தது. அப்போது ரசாயன சாலையின் பரீட்சை அவசியமாயிற்று. முன்பு ஒருவரும் கேளாத கேள்வி, அன்றிலிருந்து ஏற்றுமதி வியாபாரிகள் கேட்டாக வேண்டிய கேள்வியாகி விட்டது.

மென்பொருள் பரீட்சையிலும் சல்லடை, கண், ரசாயன சாலை என்னும் மூன்றும் உண்டு. முன்பு சரியாக இருந்தவை புது மாறுதலுக்குப் பிறகும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு இரவும் ஆயிரம் தடவை பார்ப்பது யந்திரத்தின் வேலை. 2004-ல் அமெரிக்காவில் தோன்றிய செலினியம் முதலிய சாதனங்கள் இதற்காக ஏற்பட்டவை. இதையே ஆட்டோமேஷன் என்கிறார்கள். ஒரே சமயத்தில் லட்சம் பேர் வந்து மொய்த்தால் தாங்குமா, திருடன் உள்ளே நுழைய வழியிருக்கிறதா என்று ஆராய்வது ரசாயன சாலைக்கு ஒப்பான தனி நிபுணத்துவம். இரண்டுக்கும் நடுவில், யந்திரத்திற்கு அகப்படாததைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும். இந்தக் கண்ணின் விலையைத்தான் நம்மவர் உணரவில்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். பயிர்க்கடன் விண்ணப்பம் ஒன்றில் 5 ஏக்கர் வரையில் உள்ளவர்களுக்கே சலுகை என்று விதி இருப்பதாக வைத்துக் கொள்வோம். 3 ஏக்கர் என்று போட்டுப் பார்த்து, சலுகை கிடைக்கிறது என்று குறித்துக் கொள்பவர் ஒன்றும் பரீட்சிக்கவில்லை. 5 போட வேண்டும், 5.01 போட வேண்டும். பூஜ்யம் போட வேண்டும். ஒன்றுமே போடாமல் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லைக் கோட்டின் மேல்தான் பிழைகள் குடியிருக்கும் என்பது இத்தொழிலின் பாலபாடம். இதைப் புஸ்தகத்தில் படிக்கலாம். ஆனால் உத்தமபாளையத்தில் வளர்ந்த பெண் புஸ்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்பாள்: "எங்கள் அப்பா நாலு ஏக்கர் அஞ்சு சென்ட் என்று சொல்லுவார். குமாஸ்தா 4.5 என்று போட்டுவிட்டால்?" நாலு ஏக்கர் அஞ்சு சென்ட் என்பது 4.05, 4.5 என்று போட்டால் நாற்பத்தைந்து சென்ட் நிலம் ஆகாயத்திலிருந்து முளைத்து விடுகிறது. கலிபோர்னியாவில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுபவருக்கு இக்கேள்வி ஜன்மத்திலும் தோன்றாது.

மற்றொன்று. தேனிக்கு அருகில் கொடுவிலார்பட்டி என்ற ஊர் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். கம்ப்யூட்டருக்கு அதன் முதலெழுத்து ஒரு வில்லங்கம். "கொ" என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்த்துப் பதியலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் பதியலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் சமமானவை என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆயினும், அந்த விதியை மறந்து எழுதப்பட்ட மென்பொருளில் அவை இரண்டு வெவ்வேறு ஊர்களாகி விடும். ஒரு விதமாகப் பதிந்த ஊரை மற்ற விதமாகத் தேடினால், "அப்படி ஓர் ஊரே இல்லை" என்று யந்திரம் பதில் சொல்லும். நம்மவரின் பெயரும் இப்படியே. முன்னே ஓர் இனிஷியலும் பின்னே ஒரு பெயருமாக வாழும் நமக்கு, குடும்பப் பெயரை நிரப்பாவிட்டால் மேலே போக முடியாது என்று பிடிவாதம் பிடிக்கும் விண்ணப்பங்கள் எத்தனை! நம் பிள்ளைகளுக்கு இவற்றை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தங்களுக்குத் தெரிந்த இந்த விஷயங்கள் மூலதனம் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

யந்திரத்தைக் கொண்டு பரீட்சித்தும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாததால் உலகம் ஸ்தம்பித்ததற்கு அண்மைக் கால அத்தாட்சி உண்டு. 2024 ஜூலை 19-ந் தேதி, நம் நாட்டு நேரம் காலை 9-40 சுமாருக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி தன்னுடைய காவல் மென்பொருளுக்குச் சிறு மாறுதல் ஒன்றை அனுப்பியது. ஒன்றேகால் மணி நேரத்தில் தவறு தெரிந்து திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. நம் விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குப் பேனாவால் எழுதிய சீட்டுகள் கொடுக்கப்பட்டன. காரணம் என்ன? விதியின் ஒரு பகுதி 21 விவரங்களை எதிர்பார்த்தது. கொடுத்த பகுதி 20 மட்டுமே கொடுத்தது. மாதக்கணக்கில் இது வெளிப்படவில்லை. ஏனெனில், அதுவரை நடந்த பரீட்சைகள் எல்லாவற்றிலும் இருபத்தொன்றாவது இடத்தில், "எதுவாயினும் சரி" என்று பொருள்படும் குறியே போடப்பட்டிருந்தது. இருபத்தொன்றாவதைக் குறிப்பாகக் கேட்ட அன்றுதான் பள்ளம் தெரிந்தது. ஆகவே, எத்தனை பரீட்சைகள் தேறின என்ற கணக்கை மானேஜர் மேஜையில் வைத்து மகிழ்வதில் அர்த்தமில்லை. எதைக் கேட்காமல் விட்டோம் என்ற ஜாபிதாவே விலையுயர்ந்தது.

அங்கே நஷ்டம் பணத்தோடும் நேரத்தோடும் போயிற்று. மானமும் சுதந்திரமும் பறிபோன கதை இங்கிலாந்திலுடையது. அந்நாட்டுத் தபாலாபீஸ்களின் வரவு செலவுக்காக 1999 முதல் ஹொரைசன் என்ற மென்பொருள் வைக்கப்பட்டது. கிளைத் தபாலாபீஸ்களை நடத்திய சாதாரண மனிதர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. "நாங்கள் எடுக்கவில்லை" என்று அவர்கள் கதறினார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று தபால் நிர்வாகம் சாதித்தது. 2015 வரையில் 900-க்கு மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார்கள். வீடு வாசலை விற்றுப் பணம் கட்டியவர்கள் உண்டு; தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. இந்திய வம்சத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, 2010-ல், கர்ப்பிணியாக இருந்த நிலையில் சிறைக்கு அனுப்பப்பட்டார். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் லண்டன் ஹைகோர்ட்டு தீர்ப்பாகவே எழுதியது. 2024 மே மாதம் பார்லிமெண்டு தனிச் சட்டம் போட்டு அத்தண்டனைகளை ரத்துச் செய்தது. இதில் நம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. மென்பொருள் தயாரித்த கம்பெனிக்குள்ளேயே, 1998-ல், அதன் தரக்குறைவைச் சுட்டிக்காட்டிய அறிக்கை ஒன்று எழுதப்பட்டிருந்தது என்பது பிற்பாடு நடந்த விசாரணையில் தெரியவந்தது. குறை கண்டவர்கள் கண்டிருந்தார்கள்; சொன்னவர்கள் சொல்லியும் இருந்தார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. கூடலூருக்கு மேலே மலை முகட்டில், சித்ரா பௌர்ணமியன்று ஜனங்கள் ஏறிச் செல்லும் மங்கலதேவி கோட்டம் கண்ணகிக்குரியது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை என்ன? பொற்கொல்லன் சொன்னதைப் பரீட்சிக்காமல் ஏற்றுக்கொண்டான். பிறகு சபையில் சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்த்தது ஒரு பரீட்சை; ஐயத்துக்கு இடமில்லாத பரீட்சை. கோவலன் உயிரோடிருந்தபோது அதைச் செய்திருக்கலாம். கண்ணகிக்கு முன்னே அதைச் செய்யச் சொல்ல அச்சபையில் ஓர் ஆள் இல்லை.

சொன்னால் மட்டும் போதாது, கேட்கும்படி சொல்ல வேண்டும் என்பதையும் ஹொரைசன் விவகாரம் காட்டுகிறது. டெஸ்டரின் கைச்சரக்கு அவர் எழுதும் பிழைக் குறிப்புத்தான். "பணம் அனுப்பும் பக்கம் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் புரோகிராமர் அதைப் படித்துவிட்டு, "என் யந்திரத்தில் வேலை செய்கிறதே" என்று திருப்பியடிப்பார். இன்ன யந்திரத்தில், இன்ன தொகையை இட்டு, இன்ன பொத்தானை அழுத்தினேன். இது நடந்திருக்க வேண்டும், அது நடந்தது. பத்துத் தடவையில் மூன்று தடவை இப்படி. இதனால் கணக்கு வைத்திருப்பவருக்கு ஏற்படும் தீங்கு இது. இப்படி எழுதினால் தட்டிக் கழிக்க முடியாது. குறையைச் சொல்லும்போது ஆளைக் குறை சொல்லாமலிருப்பதும் ஒரு வித்தையே. நம் கல்லூரிகளில் செலினியத்துக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். தெளிவாக நாலு வாக்கியம் எழுத யாரும் பயிற்றுவதில்லை.

அத்தாட்சிப் பத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-ல் எடின்பரோவில் ஏற்பட்ட ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்ற சர்வதேசச் சபையின் ஆரம்பப் பரீட்சையில் 40 கேள்விகள். 26-க்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. தொழிலின் பரிபாஷையைக் கற்க அது உதவும். உத்தியோக வாசலில் காட்டுவதற்கும் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது தவறு. ஜாபிதாவில் கண்டபடி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, தேறியது, தேறவில்லை என்று எழுதிக்கொண்டே பத்து வருஷம் இருந்துவிட்டவரை எந்தப் பத்திரமும் காப்பாற்றாது. அந்த வேலையை இன்று யந்திரம் செய்கிறது. ஜாபிதாவைத் தயாரிக்கவும் செயற்கை அறிவு வந்துவிட்டது. 2014 வாக்கிலேயே மைக்ரோசாப்ட் கம்பெனி, டெஸ்டர்களுக்கென்று இருந்த தனிப் பதவிகளைப் பெரிதும் குறைத்து, புரோகிராமர்களோடு கலந்துவிட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் சிப்பந்திகளில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது பன்னீராயிரத்துக்கு மேற்பட்டவர்களை, பெரும்பாலும் நடு, மேல் பதவிகளிலிருந்து குறைக்கப் போவதாக அறிவித்தது. இவ்வறிவிப்பு டெஸ்டிங் பிரிவை மட்டும் பற்றியதன்று. எனினும் பழகின வேலையை மட்டும் பற்றிக்கொண்டிருக்கும் நடுவயதினர் எல்லோருக்கும் இது கலக்கந்தரும் செய்தியே.

வளர்ந்தவர்கள் எவ்வழியில் வளர்ந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் மென்பொருள் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தத் தொழிலைக் கற்றே வளர்ந்திருக்கிறார்கள். சென்னையில் 1998-ல் தோன்றிய திங்க்சாப்ட் என்ற கம்பெனி, புரோகிராம் எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாமல், பாங்கிகளின் மென்பொருளைப் பரீட்சிப்பதையே பிரதானத் தொழிலாகக் கொண்டு, 2009-ல் பங்கு மார்க்கெட் வரை சென்றது. பின்னர் ஜெர்மன் பரீட்சைக் கம்பெனியொன்று அதை வாங்கிக் கொண்டது. வட்டிக் கணக்கும் கடன் பத்திரமும் அறிந்தவர்கள் கம்ப்யூட்டரையும் கற்றால், வெளிநாட்டுப் பாங்கியும் அவர்களைத் தேடி வரும் என்பதற்கு இது சாட்சி. பாங்கியானாலும் ஆஸ்பத்திரியானாலும் ரயிலானாலும் ஏதேனும் ஒன்றை வேரோடு கற்றுக்கொள்ள வேண்டும். புரோகிராம் எழுதவும் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொல்லும் சமாதானம் சரியா, சால்ஜாப்பா என்று பிரித்தறிய அது வேண்டும்.

போடிநாயக்கனூரில் 2012 முதல் சர்க்கார் இஞ்சினீயரிங் கல்லூரி இருக்கிறது. அதே ஊரில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏல மையமும் இருக்கிறது. அங்கே தட்டில் வரும் மாதிரிச் சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வியாபாரிகள் கம்ப்யூட்டரில் விலை கேட்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் அங்கே போய் உட்கார்ந்து, ஏலம் நடப்பதைக் கவனித்து, அதைப் போன்ற மென்பொருள் ஒன்றைத் தாங்களே சிறியதாக அமைத்து, ஒருவர் அமைத்ததை மற்றொருவர் உடைத்துப் பார்க்கும்படி ஏற்பாடு செய்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் பிடிக்காது. 2,500 ரூபாய் என்று கேட்க நினைத்தவர் விரல் தவறி 25,000 என்று அடித்துவிட்டால் என்ன ஆகும்? பாதி ஏலத்தில் மின்சாரம் போனால் கடைசியாகக் கேட்ட விலை எங்கே நிற்கும்? இரண்டு வியாபாரிகள் ஒரே நொடியில் ஒரே விலையை அழுத்தினால் சரக்கு யாருக்கு?